வீட்டுக்கு அடியில் பாருங்கள்: மார்க்கன் என்ற டச்சுச் சிற்றூர்

கேள்வி இதுதான்: "ஆம்ஸ்டர்டாம் போகிறேன். பக்கத்தில் மார்க்கன் என்ற சின்ன ஊருக்குப் போய்ப் பார் என்கிறார்கள். பச்சை மரவீடுகள், பழைய உடை, மரக்காலணி என்று படங்கள் பார்த்தேன். அது நிஜமாகவே மக்கள் வாழும் ஊரா, சுற்றுலாவுக்காக அலங்கரித்து வைத்ததா? அதன் வரலாறு என்ன?"

நிஜமான ஊர்தான். ஏறக்குறைய 1,800 பேர் அங்கே வாழ்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், பெரியவர்கள் பெரும்பாலும் வெளியூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணி அடிக்கிறது. ஆனால் நீங்கள் படத்தில் பார்த்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணம் எப்போதும் தண்ணீர்தான். அதைத் தெரிந்துகொண்டு போனால் ஊர் வேறு மாதிரி தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வீடுகள். மார்க்கனுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து கூரையையும் ஜன்னலையும் பார்க்கிறார்கள். நான் சொல்வது, வீட்டின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். பல வீடுகளில் தெருவிலிருந்து படியேறித்தான் வாசலுக்குப் போக வேண்டும். வாசலுக்குக் கீழே இருக்கும் பகுதி வீட்டோடு சேர்ந்து பிறந்ததல்ல. முன்பு அங்கே சுவரே கிடையாது, வெறும் மரக்கால்கள்தான். வெள்ளம் வந்தால் அலை வீட்டை மோதாமல் கால்களுக்கு நடுவே புகுந்து போகட்டும் என்று திறந்தே விட்டிருந்தார்கள். இன்று அந்த இடத்தில் சுவர் எழுப்பி அறையாக்கிவிட்டார்கள். ஏன் அடைத்தார்கள், எப்போது அடைத்தார்கள் என்பதில்தான் இந்த ஊரின் கதை இருக்கிறது.

மார்க்கன் ஆதியில் தீவே இல்லை. ஆம்ஸ்டர்டாமுக்கு வடகிழக்கே இருக்கும் தாழ்ந்த கரி மண் நிலத்தின் ஒரு பகுதி. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வட கடலிலிருந்து அடுத்தடுத்து வந்த புயல் வெள்ளங்கள் நிலத்தைக் கரைத்து உள்ளே புகுந்தன. நெதர்லாந்தின் நடுவே ஸைடர்ஸே என்ற பெரிய உள்கடல் உருவானது. பெயருக்குப் பொருள் தென்கடல். அந்த அரிப்பில் துண்டாகித் தீவாகிப் போன நிலம்தான் மார்க்கன்.

13-ஆம் நூற்றாண்டில் வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் இருந்த மாரியன்கார்டெ மடத்தின் துறவிகள் இங்கே வந்து நிலத்தைத் திருத்தி, சுற்றிலும் கரை கட்டினார்கள். எதிர்க்கரையில் உள்ள ஊரின் பெயர் மொன்னிக்கண்டாம். டச்சு மொழியில் மொன்னிக் என்றால் துறவி, டாம் என்றால் அணை. 1345-இல் ஹாலந்தின் பிரபு நான்காம் வில்லெம் ஃப்ரீஸ்லாந்தின் மீது படையெடுத்துப் போய் வார்ன்ஸ் போரில் இறந்துபோனார். அந்தப் பகையில் ஃப்ரீஸியத் துறவிகளுக்கு மார்க்கனில் இடமில்லாமல் போனது. அவர்கள் போன பிறகு கரையை முழு அக்கறையோடு பார்த்துக்கொள்ள வசதியுள்ள ஆள் இல்லை. தண்ணீர் வருவது வழக்கமாகிவிட்டது.

அந்த வழக்கத்துக்கு ஏற்ப மக்கள் தங்களை மாற்றிக்கொண்டார்கள். சாணம், களிமண், குப்பை என்று கிடைத்ததையெல்லாம் கொட்டி மேடுகள் எழுப்பி, அவற்றின் மேல் நெருக்கி நெருக்கி வீடு கட்டினார்கள். இந்த மேட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர் வெர்ஃப். சில வெர்ஃப்களைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பவை இன்றும் தனித்தனிக் குட்டி ஊர்கள் போலப் புல்வெளிக்கு நடுவே தெரிகின்றன: தேவாலயம் இருக்கும் கெர்க்பூர்ட், துறைமுகத்தை ஒட்டிய ஹாவன்பூர்ட், அப்புறம் ரோஸவெர்ஃப், வித்தவெர்ஃப், க்ரோட்டவெர்ஃப், மூனிஸ்வெர்ஃப். தீவைச் சுற்றியிருந்த கரை உயரம் குறைந்தது. குளிர்காலத்தில் தண்ணீர் அதைத் தாண்டி வந்து புல்வெளியை மூடும். அப்போது ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குப் படகில்தான் போக வேண்டும். நிலத்தில் பயிர் வைக்க முடியாது, வைக்கோற்புல்தான் விளையும். அதை அறுத்து விற்பார்கள்.

மேட்டின் மேல் இடம் தீர்ந்துபோன பிறகு, 19-ஆம் நூற்றாண்டில், மேட்டின் சரிவிலும் கீழேயும் மரக்கால் நட்டு அதன் மேல் வீடு கட்டினார்கள். நான் மேலே சொன்ன வீடுகள் இவைதான். மண் மெத்தென்று இருப்பதால் கனமான செங்கல் தாங்காது, மரம் தாங்கும். மரம் அழுகாமல் இருக்கப் படகுக்குப் பூசுகிற அதே தாரைப் பூசினார்கள், அதனால் வீடுகள் கறுப்பாக இருந்தன. பச்சை வண்ணமும் வெள்ளைக் கோடும் பின்னால் வந்தவை. உள்ளே நடுவில் அடுப்பு. பழைய வீடுகளுக்குப் புகைபோக்கியே கிடையாது, புகை கூரை வழியாக வெளியேறும். போகிற வழியில் மேலே தொங்கும் வலையையும் மீனையும் பதப்படுத்திவிட்டுப் போகும். படுக்கை சுவருக்குள் அலமாரி மாதிரி அடங்கியிருக்கும், கதவைச் சாத்திவிட்டுத் தூங்கலாம். கெர்க்பூர்ட்டில் இருக்கும் சின்ன அருங்காட்சியகம் இப்படிப்பட்ட புகைவீடுகளில்தான் நடக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

பிழைப்புக்குக் கடல்தான். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மார்க்கன்காரர்களுக்கு ஒரு தனித் தொழில் இருந்தது, நமக்கும் அதில் ஒரு சம்பந்தம் உண்டு. பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும், 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி என்று படித்திருப்பீர்கள். அந்தக் கம்பெனியின் பெரிய கப்பல்களால் சரக்கோடு ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்துக்குள் நேராக நுழைய முடியாது. முகத்துவாரத்தில் பாம்பஸ் என்ற மணல்திட்டு மறிக்கும். 1690 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உள்ளே வெற்றிடமான இரண்டு பிரம்மாண்ட மரப்பெட்டிகளில் தண்ணீர் நிரப்பிக் கப்பலின் இரு பக்கமும் தாழ்த்திக் கட்டுவார்கள். பிறகு தண்ணீரை இறைத்து வெளியேற்றினால் பெட்டிகள் மேலெழும், கூடவே கப்பலும் மேலெழும். இந்தப் பெட்டிகளுக்கு ஒட்டகம் என்று பெயர். ஒட்டகம் சுமந்த கப்பலை வரிசையாகப் பாய்மரப் படகுகளைப் பூட்டி இழுத்துப் போனவர்கள் மார்க்கன் மீனவர்கள். சோழமண்டலக் கரையின் துணியும் இலங்கையின் கறுவாவும் ஆம்ஸ்டர்டாம் சந்தைக்குப் போன பாதையில் கடைசி சில மைல்கள் இவர்கள் கையில் இருந்தன. இன்றும் டச்சு மொழியில் ஒருவர் களைத்துப்போய் விழுந்து கிடந்தால் "பாம்பஸுக்கு முன்னால் கிடக்கிறார்" என்பார்கள். காற்றுக்கும் நீர்மட்டத்துக்கும் காத்துக் கிடந்த கப்பல்களிலிருந்து வந்த சொல் அது. 1824-இல் வடக்கு ஹாலந்துக் கால்வாய் திறந்ததும் அந்த வேலை முடிந்துபோனது.

அதன்பின் முழுக்க மீன்பிடிதான். 1837-இல் துறைமுகம் வெட்டினார்கள். 1839-இல் தீவின் கிழக்கு முனையில் இப்போது இருக்கும் கலங்கரை விளக்கம் வந்தது. கோபுரமும் அதை ஒட்டிய வீடும் தூரத்திலிருந்து பார்க்கக் குதிரை மாதிரி இருப்பதால் அதை மார்க்கனின் குதிரை என்கிறார்கள். பொட்டர் என்ற தட்டையான அடிப்பாகம் கொண்ட ஓக் மரப் படகுதான் அவர்கள் சொத்து. ஆழமில்லாத ஸைடர்ஸேவுக்கென்றே அமைந்த படகு. வசந்தத்தில் முட்டையிட உள்ளே வரும் ஹெர்ரிங் மீன், அதன்பின் கோடைத் தொடக்கத்தில் நெத்திலி, மற்ற நேரங்களில் விலாங்கு. திங்கட்கிழமை கிளம்பினால் சனிக்கிழமைதான் ஆண்கள் திரும்புவார்கள். வாரம் முழுக்க ஊர் பெண்கள் பொறுப்பில்.

அந்தப் பெண்களின் கைவேலைதான் நீங்கள் படத்தில் பார்த்த உடை. அதை விசேஷ உடை என்று நினைத்துவிடாதீர்கள், அன்றாட உடையே அதுதான். பல அடுக்குகள், எம்பிராய்டரி போட்ட கைகள், தலையில் இறுக்கமான தொப்பி, நெற்றியில் வெட்டிவிட்ட முடி, இரண்டு பக்கமும் தொங்கும் நீளச் சுருள். பண்டிகைக்கு ஒன்று, சாதாரண நாளுக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று என்று பார்த்தவுடனே ஊராருக்குத் தெரிந்துவிடும். சின்னப் பையன்களும் ஆறேழு வயது வரை பாவாடைதான் அணிந்தார்கள். மார்பை மூடும் துண்டில் பூப்போட்ட பருத்தித் துணி இருக்கும். டச்சுக்காரர்கள் சிட்ஸ் என்றும் நாம் சீட்டி என்றும் சொல்லும் துணி முதன்முதலில் கம்பெனிக் கப்பல்களில் சோழமண்டலக் கரையிலிருந்துதான் அந்த நாட்டுக்குப் போனது, பல டச்சு வட்டார உடைகளில் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. நம் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய பூக்களின் வழி வந்த பூக்கள் ஒரு வடகடல் தீவின் உடையில் மலர்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் மனம் நெகிழும்.

தீவில் எல்லாருக்கும் எல்லாரும் உறவு. ஸேமன், ஃபிஸ்ஸர் என்று சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். முதல் பெயருக்குக் கடலோடி என்றும் இரண்டாவதற்கு மீனவர் என்றும் பொருள். எதிர்க்கரையில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஃபோலண்டாம் என்ற இன்னொரு மீனவ ஊர் இருக்கிறது. அவர்கள் கத்தோலிக்கர், மார்க்கன்காரர்கள் சீர்திருத்த சபையினர். ஒரே கடலில் வலை வீசினாலும் கொண்டான் கொடுத்தான் உறவு மிக அரிது. பேச்சுவழக்குகூட வேறு. இந்த ஒதுங்கிய வாழ்க்கை வெளியாருக்கு ஒரு மோகத்தைக் கொடுத்தது. மார்க்கனில் எடுத்த ஒரு மண்டையோட்டுக்கு ஜெர்மனியின் கேட்டிங்கனில் இருந்த ப்ளூமன்பாக் என்ற அறிஞர் "அசல் படாவியர்" என்று லத்தீனில் பெயர் வைத்தார் (படாவியர் என்பது ரோமானியர் காலத்தில் அந்த நாட்டில் வாழ்ந்த ஓர் இனம்). பழங்காலத்து ஆதி இனம் கலப்பில்லாமல் இந்தத் தீவில் மிஞ்சியிருக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் வாதிட்டார்கள். அது தவறு, அதைவிட அந்த மக்களுக்குச் செய்த அவமரியாதை. உழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மீனவர்களை உயிருள்ள தொல்பொருளாகப் பார்த்தார்கள்.

இனி 1916. ஜனவரி 13-ஆம் தேதி இரவு வடமேற்கிலிருந்து பெரும் புயல் வந்து ஸைடர்ஸேவின் தண்ணீரைத் திரட்டி அடித்தது. சுற்றுப்பட்ட பல இடங்களில் கரைகள் உடைந்தன. மார்க்கனில் வழக்கமாக வருகிற வெள்ளத்தைவிட இது பல மடங்கு. மரக்கால்களும் மேடுகளும் போதவில்லை. வீடுகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது, படகுகள் கரைக்கு மேல் தூக்கி எறியப்பட்டன. சில நூறு குடும்பங்களே இருந்த அந்தச் சின்னத் தீவில் 16 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் துக்கம் என்று சொன்னால் மிகையாகாது. அரசி வில்லெல்மினா வெள்ளப் பகுதிகளுக்கு நேரில் வந்தார், நாடு முழுக்க நிதி திரட்டினார்கள்.

கோர்னேலிஸ் லேலி என்ற பொறியாளர் 1891-லேயே ஸைடர்ஸேவின் வாயை அடைத்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தார். செலவு, மீனவர்களின் எதிர்ப்பு என்று அது கிடப்பில் கிடந்தது. வெள்ளமும், முதல் உலகப்போர்க் கால உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து மனத்தை மாற்றின. அப்போது லேலியே அமைச்சராக இருந்தார். 1918 ஜூனில் சட்டம் நிறைவேறியது. 32 கிலோமீட்டர் நீள அஃப்ஸ்லைட்டைக் அணையின் கடைசி இடைவெளியை 1932 மே 28-ஆம் தேதி மூடினார்கள். கடல் ஏரியானது. பெயரே மாறி ஐஸல்மேர் ஆனது.

மார்க்கன்காரர்களின் நிலையில் இருந்து இதை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளைக் கொண்டுபோன தண்ணீர் இனி வராது. ஆனால் அந்தத் தண்ணீரோடுதான் ஹெர்ரிங்கும் நெத்திலியும் வந்துகொண்டிருந்தன. உப்பு போனதும் அவையும் போயின. விலாங்கும் சில நன்னீர் மீன்களும் மிஞ்சின. ஓர் ஊர் மொத்தமும் பிழைக்க அவை போதாது. 1925-லேயே ஸைடர்ஸே மீனவர்களுக்கு உதவச் சட்டம் போட்டிருந்தார்கள், ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கையறிவுக்கு எந்தத் தொகை ஈடு? 1916-இல் சாவு கொடுத்த ஊர்தான் அந்தச் சாவைத் தடுக்கும் அணைக்காகப் பிழைப்பையும் கொடுத்தது. அணை தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் விலையை நாடு முழுக்கப் பகிர்ந்துகொள்ளவில்லை, இப்படிப்பட்ட கரையோர ஊர்கள்தான் அதிகம் கொடுத்தன.

வீட்டின் கால்களுக்கு இடையே சுவர் எழுந்தது இதற்குப் பிறகுதான். வெள்ளம் வராது என்று நம்பிக்கை வந்ததும் கீழ்ப்பகுதியை அடைத்து, சமையலறையும் உட்காரும் அறையும் ஆக்கிக்கொண்டார்கள். ஓர் அணையின் வரலாற்றை வீட்டுச் சுவரில் படிக்க முடிகிற ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இதே கடலில் இருந்த மற்ற இரண்டு தீவுகளோடு ஒப்பிட்டால் மார்க்கனின் பாதை இன்னும் தெளிவாகும். ஸ்கோக்லாண்ட் தீவு அரித்துக்கொண்டே போனதாலும் வறுமையாலும் 1859-இல் அரசே மக்களை வெளியேற்றிவிட்டது. இன்று அது வடகிழக்குப் போல்டர் என்ற, தண்ணீரை வடித்து மீட்ட நிலத்தின் வயல்களுக்கு நடுவே ஒரு மேடு, யுனெஸ்கோ பாரம்பரிய இடம். உர்க் 1939-இல் கரையோடு இணைக்கப்பட்டது. அந்த மக்கள் மீன்பிடியை விடவில்லை, பெரிய படகுகள் வாங்கி வட கடலுக்கே போனார்கள். இன்று நாட்டின் முக்கிய மீன் ஏலச் சந்தைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. மார்க்கன் இரண்டும் செய்யவில்லை. ஊரைவிட்டுப் போகவுமில்லை, மீன்பிடியைப் பிடித்துக்கொண்டிருக்கவுமில்லை. ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் இருந்ததுதான் காரணம் என்பது என் கணிப்பு. நகரத்துத் தொழிற்சாலை வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1957-இல் தரைப்பாலம் மாதிரி ஒரு சாலைக்கரை போட்டுத் தீவை நிலத்தோடு இணைத்த பிறகு காலையில் போய் மாலையில் திரும்புவது சுலபமாகிவிட்டது.

அதற்கு வெகு முன்பிருந்தே சுற்றுலாவும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ஆம்ஸ்டர்டாமிலிருந்து படகு படகாக ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அதைப் பிழைப்பாக மாற்றிக்கொண்டவர்களில் ஸெய்ட்யே பூஸ் என்ற பெண்மணியின் பெயர் இன்றும் துறைமுகத்துக் கடையில் இருக்கிறது. தன் வீட்டை வந்தவர்களுக்குத் திறந்து காட்டி, நினைவுப்பொருள் விற்று, ஊருக்கே அடையாளமானவர். வெளியார் பார்க்க வருவதை நிறுத்த முடியாது. ஆனால் என்ன காட்டுவது, அதற்கு என்ன விலை என்பதைத் தானே தீர்மானித்த பெண் அவர். மண்டையோடு அளக்க வந்தவர்களுக்கு அந்த ஊர் கொடுத்த நல்ல பதில் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு ஆபத்தும் வந்து போனது. மார்க்கனைச் சுற்றியுள்ள தண்ணீரையும் வடித்து, மார்க்கர்வார்ட் என்ற பெரிய விளைநிலம் ஆக்கத் திட்டம் இருந்தது. அதற்காகத் தீவின் வடக்கே ஒரு கரையைக் கட்டத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது பாதியில் நின்றது. தண்ணீருக்குள் நீண்டு சட்டென்று முடிந்துபோகும் அந்தத் துண்டுக் கரை இன்றும் இருக்கிறது, பறவைகள் குடியிருக்கின்றன. திட்டத்தைப் பல அரசுகள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 2003-இல் கைவிட்டன. அது நடந்திருந்தால் மார்க்கனும் ஸ்கோக்லாண்ட் மாதிரி வயலுக்கு நடுவே நிற்கும் மேடாகியிருக்கும். இப்போது ஐஸல்மேரிலிருந்து தனியாகப் பிரிந்த அந்த ஏரிப்பகுதிக்கு மார்க்கர்மேர் என்று இந்த ஊரின் பெயரே இருக்கிறது.

1991-இல் தனி நகராட்சி அந்தஸ்து போய், வாட்டர்லாண்ட் நகராட்சியோடு மார்க்கன் சேர்ந்தது. உடையை அன்றாடம் அணிகிறவர்கள் ஏறக்குறைய இல்லை. ஆனால் ஏப்ரல் 27, அரசர் பிறந்தநாளன்று, குழந்தைகளும் பெரியவர்களும் பெட்டியிலிருந்து எடுத்து, ஆரஞ்சு நிறம் சேர்த்து அணிந்து வருவார்கள். அன்று அதைச் சுற்றுலாவுக்காகச் செய்வதில்லை, தங்களுக்காகச் செய்கிறார்கள். தேவாலயத்தில் கூரையிலிருந்து படகு மாதிரிகள் தொங்கும். குளிர்காலத்தில் மார்க்கனுக்கும் மொன்னிக்கண்டாமுக்கும் நடுவே இருக்கும் கௌவ்ஸே என்ற நீர்ப்பரப்பு உறைந்தால், பாய் கட்டிய பனிப்படகுகளை மொன்னிக்கண்டாம் பக்கம் ஓட்டுவார்கள். முன்பு அந்தப் பனிதான் தீவைத் தனிமைப்படுத்தியது, தபாலும் சாமானும் பனிமேல் இழுத்துத்தான் வரும். கலங்கரை விளக்கத்தின் பக்கம் காற்று பனிப்பாளங்களைத் தள்ளி மலையாகக் குவிக்கும், அதன் அழுத்தத்தில் கட்டடங்களே நொறுங்கியதுண்டு.

போகும் வழி: ஆம்ஸ்டர்டாம் நோர்ட் நிலையத்திலிருந்து பேருந்து இருக்கிறது. ஃபோலண்டாமிலிருந்து படகிலும் வரலாம், அரை மணி நேரம். கார் வைத்திருந்தால் ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். துறைமுகத்தோடு திரும்பிவிடாமல் கெர்க்பூர்ட் வரை உள்ளே போங்கள், பிறகு சுற்றுக்கரையின் மேல் நடந்து குதிரைக் கோபுரம் வரை வாருங்கள். முழுச் சுற்று இரண்டரை மணி நேரம் ஆகலாம். ஜன்னல்களுக்கு உள்ளே எட்டிப் பார்த்துப் படம் எடுக்க வேண்டாம். அந்த ஜன்னல்கள் தெருவை ஒட்டியே இருப்பதால் கை தானாகப் போகும், ஆனால் உள்ளே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

கரையில் நடக்கும்போது அண்மை ஆண்டுகளில் நடந்த சீரமைப்பு வேலையைக் கவனியுங்கள். கரி மண் இன்றும் அமிழ்ந்துகொண்டே இருக்கிறது, ஏரியிலும் புயலலை உண்டு, பழைய கரை இப்போதைய பாதுகாப்பு விதிகளுக்குப் போதவில்லை. அதனால் சுற்றுக்கரையைப் பலப்படுத்தும் வேலையில் இறங்கினார்கள். மேட்டின் மேல் இருக்கும் வீடுகளுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியமோ, கால்களை அடைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்ட வீடுகளுக்கு அதைவிட முக்கியம்.